வகுப்பு இரைச்சல்: திட்டுவதா, பாராட்டுவதா, ஸ்டாரா, விளையாட்டா?

ஜூனில் பள்ளி திறந்து மூன்றாவது வாரமே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலாம் வகுப்பு, 36 பிள்ளைகள். கணக்குப் பாடம் நடக்கும்போதே ஒருவன் எழுந்து ஜன்னலுக்குப் போவான், ரப்பருக்காக இரண்டு பேர் இழுபறி, நாலு பேர் ஒரே நேரத்தில் "மிஸ், இவன் கிள்றான் மிஸ்" என்று புகார், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னால் சந்தைக்கடைதான். ஒரு பீரியடில் எத்தனை தடவை "உக்காரு" என்று சொல்கிறேன் என எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. மேசை மேல் இரண்டு டப்பா வைத்தேன். ஒன்றில் முப்பது புளியங்கொட்டை. ஒவ்வொரு "உக்காரு"வுக்கும் ஒரு கொட்டையை அடுத்த டப்பாவுக்கு மாற்ற வேண்டும். பீரியட் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே முப்பதும் தீர்ந்துவிட்டது. அதனால் எழுந்து நிற்கிறவர்கள் குறைந்தார்களா என்றால், இல்லை.

டீச்சர் ட்ரெய்னிங்கில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரைப் படித்தோம். நெம்புகோலை அழுத்தினால் தீனி கிடைக்கும் என்றால் எலி மறுபடி மறுபடி அழுத்தும் என்று காட்டியவர். பெட்டி, எலி, நெம்புகோல், புறா என்று மனப்பாடம் செய்து ஐந்து மார்க்குக்கு எழுதினோம், அதோடு விட்டாயிற்று. அந்த எலியிலிருந்து வகுப்பறைக்கு வந்த ஆராய்ச்சிகளை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புளியங்கொட்டை தீர்ந்த அன்று இரவு நானாகத் தேடிப் படித்தேன். முதலில் கிடைத்ததே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1968ல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் முதலானோர் ஒரு முதல் வகுப்பில் செய்த ஆய்வு அது. 48 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். பத்து விநாடிக்கு ஒரு தடவை எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆசிரியைகள் இருபது நிமிடத்தில் ஏழு தடவை "உட்கார்" என்று சொன்ன நாட்களில் சராசரியாக மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு ஆசிரியைகளிடம் இன்னும் அதிகமாகச் சொல்லச் சொன்னார்கள். இருபது நிமிடத்துக்கு 27 தடவை வரை போனது. நிற்கிறவர்கள் நாலரை ஆனார்கள். பழையபடி ஏழுக்குக் குறைத்தால் மூன்று, திரும்ப ஏற்றினால் நாலு. கடைசியாக, நிற்கிறவனை விட்டுவிட்டு, உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளையைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதை நான் மூன்று தடவை படித்தேன். "உக்காரு" என்று சொன்னதும் பிள்ளை உட்காருகிறான், அது உண்மைதான். ஆனால் எழுந்து நின்றால் டீச்சர் என்னைப் பார்ப்பார் என்பதையும் அதே நேரத்தில் கற்றுக்கொள்கிறான். நாம் பார்ப்பதே அவனுக்குக் கிடைக்கிற கூலி.

அதிலிருந்து இத்தனை மாதமாக நான் படித்ததையும், என் வகுப்பில் செய்து பார்த்ததையும் வைத்து, ஆரம்ப வகுப்பு எடுக்கிற ஒருவருக்கு முன்னால் இருக்கிற வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். திட்டுவது, பாராட்டி மற்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, ஸ்டார் அல்லது டோக்கன் கொடுப்பது, அணி பிரித்து விளையாட்டாக நடத்துவது, பிள்ளையையே எண்ணச் சொல்வது. ஐந்தும் ஐந்து விதம். ட்யூஷன் எடுக்கிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

ஆனால் வழிக்கு முன்னால் அளவு. எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இது, நானும் பல வருடம் தாண்டித்தான் போனேன். "இந்த வகுப்பு ரொம்ப மோசம்" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறோம். எவ்வளவு மோசம்? நேற்றைவிடவா, போன மாதத்தைவிடவா? எண் இல்லாவிட்டால் நம் மனநிலைதான் அளவுகோல். தலைவலி இருக்கிற அன்று வகுப்பு மோசம், சம்பளம் ஏறிய அன்று வகுப்பு பரவாயில்லை. அப்படி அளந்தால் எந்த வழி வேலை செய்தது என்று எந்தக் காலத்திலும் தெரியாது.

அளக்க மூன்று வழி இருக்கிறது. ஒன்று, தடவை எண்ணுவது. "உக்காரு" எத்தனை, கை தூக்காமல் கத்தியது எத்தனை. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கிற செயலுக்கு இது சரி. இரண்டு, நேரம் பார்ப்பது. ஒரு குழந்தை காலையில் வந்து எத்தனை நிமிடம் அழுகிறது என்பதற்கு இதுதான் வேண்டும், ஏனென்றால் தடவை எண்ணினால் நாற்பது நிமிட அழுகையும் "ஒன்று"தான். மூன்றாவது, தலை எண்ணுவது. குறித்த நேரத்தில் சட்டென்று நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்வது. டோக், ரிஸ்லி என்ற இருவர் 1972ல் குழந்தைகள் காப்பகத்தில் இப்படித்தான் அளந்தார்கள். பாடமும் நடத்திக்கொண்டு தனி ஆளாக அளக்க வேண்டிய நமக்கு இதைவிட லேசான வழி கிடையாது. எங்கள் வகுப்பில் சுவர்க் கடிகாரம் இருக்கிறது, பெரிய முள் ஒவ்வொரு எண்ணைத் தொடும்போதும் ஒரு தடவை தலை எண்ணுவேன், நாற்பது நிமிட பீரியடுக்கு எட்டு எண்கள், ஹாஜர் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான் செலவு.

அளவைப் படிக்கும்போதும் ஏமாந்துவிடக் கூடாது. கீழே ஒரு ஆய்வைச் சொல்லப்போகிறேன், அதில் கணக்குப் பாட நேரத்தில் "96 சதவீதம்" பேச்சு என்று வரும். நேரம் முழுவதும் கூச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். பாடவேளையை ஒவ்வொரு நிமிடமாகப் பிரித்து, அந்த நிமிடத்தில் யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை குரல் கொடுத்தாலும் அந்த நிமிடத்துக்கு டிக் போட்டார்கள். நூறு நிமிடத்தில் 96க்கு டிக் விழுந்தது என்றுதான் அர்த்தம். இப்படி அளந்தால் உண்மையைவிட எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி அளக்கிறவரை ஒப்பிடுவதற்குப் பிரச்சினை இல்லை, ஆனால் அந்த எண்ணை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

அப்புறம், எதையும் மாற்றாமல் குறைந்தது ஐந்து நாள் சும்மா எண்ணுங்கள். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் "மிஸ் என்ன எழுதுறாங்க" என்று நோட்டையே பார்ப்பார்கள், அடக்கமாக இருப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்துதான் உண்மையான எண் வரும். முடிந்தால் பக்கத்து வகுப்பு டீச்சரை ஒரு பீரியடுக்கு வந்து தனியாக எண்ணச் சொல்லுங்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருவர் எண்ணிக்கையும் 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும் என்பார்கள். எங்களுக்கு முதல் நாள் ஒத்தே போகவில்லை. பென்சில் சீவுகிறவனை அவர் "வேலையில் இல்லை" என்று எண்ணியிருந்தார், நான் "வேலையில்" என்று எண்ணியிருந்தேன். உட்கார்ந்து பேசி, ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் எண்ணுக்கு மதிப்பு வந்தது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

திட்டுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாம் எல்லாரும் செய்வது அதுதான். 1975ல் மேரி ஆலிஸ் ஒயிட் என்ற ஆய்வாளர், ஆசிரியர்கள் இயல்பாக எவ்வளவு பாராட்டுகிறார்கள், எவ்வளவு கண்டிக்கிறார்கள் என்று எண்ணியவர்களின் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டார். இரண்டாம் வகுப்பைத் தாண்டிய எல்லா வகுப்புகளிலும் கண்டிப்புதான் கூடுதல். அமெரிக்க வகுப்புகளே அப்படி என்றால் நம் வகுப்புகளை எண்ணினால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஏன் இவ்வளவு திட்டுகிறோம்? திட்டினால் உடனே பலன் தெரிகிறது. "ஏய்!" என்றதும் பத்து விநாடி வகுப்பு கப்சிப். அந்தப் பத்து விநாடி நமக்குக் கிடைக்கிற மிட்டாய், அதற்காக மறுபடி கத்துகிறோம், அதாவது பிள்ளைகள் நம்மைப் பழக்கிவிடுகிறார்கள். தாமஸ், பெக்கர், ஆர்ம்ஸ்ட்ராங் மூவரும் 1968ல் இதைத் தலைகீழாகவே செய்து காட்டினார்கள். நன்றாக நடந்துகொள்கிற 28 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் ஆசிரியை பாராட்டுவதை நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும் குழப்பம் கூடியது. கண்டிப்பை மூன்று மடங்கு ஆக்கியபோது சத்தமும் இடம்விட்டு எழுந்து திரிவதும் இன்னும் ஏறியது. நல்ல வகுப்பைக் கெட்ட வகுப்பாக்கவே திட்டு போதும் என்று அப்போது எனக்கு உறைத்தது.

பிரம்பைப் பற்றி ஒப்பிடவே தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009ன் 17ஆம் பிரிவு அடியையும், மனதை நோகடிக்கிற தண்டனையையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒன்பது வயதுப் பிள்ளையை அடிக்க எனக்குக் கை வராது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். லீடர் சாக்பீஸை எடுத்து "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது. நாம் படித்தபோதும் இருந்தது, இன்றும் இருக்கிறது. லீடருக்குப் பிடிக்காதவன் பெயர்தான் முதலில் ஏறும். அவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி கூடிக்கொண்டே போகும். ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அவன் ஒழுங்காக இருந்து ஒரு லாபமும் இல்லை, எப்படியும் அடி உண்டு, அப்புறம் ஏன் வாயை மூட வேண்டும்? எப்போது தப்பிக்கலாம் என்கிற அளவும் இல்லை, ஒழுங்காக இருந்தால் கிடைப்பதும் இல்லை. இந்த இரண்டையும் மட்டும் சேர்த்தால் இதே கரும்பலகை வேறு மாதிரி வேலை செய்யும், அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது வழி, பாராட்டுவதும் கண்டுகொள்ளாமல் விடுவதும். மேட்சன், பெக்கர், தாமஸ் 1968ல் இன்னொரு ஆய்வில் இதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் விதிகளை மட்டும் சொல்லி ஒட்டி வைத்தார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. (நம் வகுப்புச் சுவரில் "அமைதி காக்கவும்" என்று எத்தனை வருடமாக ஒட்டியிருக்கிறது!) பிறகு தவறானதைக் கண்டுகொள்ளாமல் விடுவதோடு, சரியானதைப் பாராட்டுவதையும் சேர்த்தார்கள். நன்றாக வேலை செய்தது. இதில் அச்சாணி பாராட்டுதான் என்பது அவர்கள் முடிவு.

கண்டுகொள்ளாமல் விடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து யாராவது உங்களுக்கு அறிவுரை சொன்னால் நம்பாதீர்கள். நான் நான்கு நாள் அப்படி இருந்து பார்த்தேன். வழக்கமாகக் கிடைக்கிற கூலி திடீரென்று நின்றால் பிள்ளை முதலில் இன்னும் பலமாகக் கேட்பான். லிஃப்ட் பொத்தான் வேலை செய்யாவிட்டால் நாம் நாலு தடவை அழுத்துகிறோமே, அதுபோல. அந்தக் கட்டத்தில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டால், பலமாகச் செய்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அதோடு, ஒன்பது வயதில் கூலி கொடுப்பவர் டீச்சர் மட்டுமா? பக்கத்து பெஞ்சு சிரிக்கிறதே. அந்தச் சிரிப்பை நான் எப்படி நிறுத்த முடியும்?

பாராட்டுக்கு வருகிறேன். "வெரி குட்" என்று பொதுவாகச் சொல்வதற்குக் கிட்டத்தட்ட பலனே இல்லை என்று என் அனுபவத்தில் சொல்வேன். யாருக்கு, எதற்கு என்று தெரிய வேண்டும். "கை தூக்கிட்டுக் காத்திருந்தியே, நல்லா இருந்துச்சு, சொல்லு" என்றால் அந்தப் பிள்ளைக்கும் தெரியும், பக்கத்தில் இருக்கிற ஆறு பேருக்கும் தெரியும். திரிகிறவனைப் பார்க்காமல், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவளிடம் இதைச் சொல்வேன். அவன் உட்கார்ந்த அரை நிமிடத்துக்குள் அவனுக்கும் ஒன்று சொல்வேன். கஷ்டம் என்னவென்றால் நமக்கு மறந்துவிடும். நல்லது நடக்கும்போது அது கண்ணில் படுவதே இல்லை. அதனால் அந்தப் புளியங்கொட்டை டப்பாவையே மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பெயர் சொல்லி, காரணம் சொல்லிப் பாராட்டினால் ஒரு கொட்டை. முதல் நாள் ஒரு பீரியடுக்கு ஆறுதான் தேறியது. இருபதுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாதம் ஆனது. பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதற்கு முன் என் வாயை மாற்ற வேண்டியிருந்தது, அதற்கும் எண்ணிக்கைதான் உதவியது.

செலவே இல்லை, கெடுதல் இல்லை, எந்த வகுப்பிலும் நாளைக்கே தொடங்கலாம். ஆனால் ஏற்கெனவே கை மீறிப்போன 36 பேர் வகுப்பை இது மட்டும் சீக்கிரம் பிடித்துக் கொடுக்கவில்லை. மெதுவாகத்தான் எண்கள் ஏறின.

மூன்றாவது ஸ்டார், டோக்கன். இதன் வேர் ஒரு மனநல மருத்துவமனையில் இருக்கிறது. இல்லினாய் மாகாணத்தில் அன்னா அரசு மருத்துவமனையில் 1961 முதல் ஐலான், அஸ்ரின் இருவரும், பல வருடங்களாக உள்ளேயே கிடந்த நோயாளிகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்தால் டோக்கன் கொடுத்து, அதைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சிறு பொருளாதாரத்தையே நடத்தினார்கள். வகுப்பறையில் ஓலியரி, பெக்கர் 1967ல் செய்தது பிரபலம். ரொம்பச் சிரமம் கொடுக்கிற 17 பிள்ளைகளைச் சேர்த்த தனி வகுப்பு. பிள்ளையின் மேசையில் ஒரு சிறு புத்தகம், ஆசிரியை அவ்வப்போது ஒன்றிலிருந்து பத்து வரை மார்க் எழுதுவார், மார்க்கைச் சேர்த்துச் சின்னச் சின்னப் பரிசு வாங்கலாம். கவனித்து எண்ணிய பிள்ளைகளிடம் 76 சதவீதமாக இருந்த குழப்ப நடத்தை 10 சதவீதத்துக்கு இறங்கியது. இவ்வளவு வேகமாக, இவ்வளவு ஆழமாக இறங்குவது மற்ற வழிகளில் அபூர்வம்.

ஆனால் அங்கே இருந்தது 17 பேர். என்னிடம் 36. ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்க் எழுதி, கூட்டி, பரிசு எடுத்து வைத்து, "மிஸ் எனக்கு ஒண்ணு குறையுது" பஞ்சாயத்தைத் தீர்த்து முடிப்பதற்குள் பாடம் போய்விடும். பரிசுச் செலவு நம் பையிலிருந்துதான். இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. 1973ல் ஸ்டான்ஃபோர்டில் உள்ள பிங் நர்சரி பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வு. மார்க்கர் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள். ஒரு குழுவிடம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் சும்மா விளையாடும் நேரத்தில் யார் எவ்வளவு வரைகிறார்கள் என்று பார்த்தால், முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்டவர்கள் தங்கள் நேரத்தில் 8.6 சதவீதம்தான் வரைந்தார்கள். மற்ற இரண்டு குழுக்களும் 17, 18 சதவீதம். பிடித்துச் செய்ததைக் கூலிக்குச் செய்கிற வேலையாக்கிவிட்டோம்.

ஆகவே கதைப் புத்தகம் படிப்பதற்கும், படம் வரைவதற்கும் நான் ஸ்டார் போட மாட்டேன். சாப்பிட்டபின் தட்டுக் கழுவி அடுக்குவது, நோட்டு கொண்டுவருவது, இப்படி யாருக்கும் இயல்பாக ஆசை வராத விஷயத்துக்கு, அதுவும் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளைக்கு, இத்தனை வாரம் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போடலாம். மணிக்கட்டில் பேனாவால் ஸ்டார் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளை சாயங்காலம் வரை அந்தக் கையைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டும். அந்தச் சந்தோஷத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாலாவது, எனக்குக் கை கொடுத்தது. நல்ல நடத்தை விளையாட்டு என்று இதைச் சொல்லலாம். 1969ல் கான்சாஸ் மாகாணத்தில் ஹேரியட் பேரிஷ், மியூரியல் சாண்டர்ஸ், மாண்ட்ரோஸ் உல்ஃப் மூவரும் வெளியிட்டார்கள். இதில் சாண்டர்ஸ் அந்த நாலாம் வகுப்பின் ஆசிரியையே. வகுப்பில் 24 பேர், அதில் ஏழு பேர் மேல் ஏற்கெனவே தலைமை ஆசிரியர் வரை புகார் போயிருந்தது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதி இல்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அணியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு. கோடு குறைவாக உள்ள அணி ஜெயிக்கும், இரண்டு அணிகளுமே ஐந்துக்குள் இருந்தால் இரண்டுமே ஜெயிக்கும். பரிசு எல்லாம் பள்ளியிலேயே இருக்கிறவைதான்: ஜெயித்த அடையாளமாக ஒரு பட்டை, சாப்பாட்டுக்கு முதலில் வரிசை, நாள் முடிவில் பிடித்ததைச் செய்யக் கொஞ்ச நேரம். கணக்குப் பாடத்தில் பேச்சு 96 சதவீத நிமிடங்களிலிருந்து 19க்கும், இடம்விட்டு எழுவது 82லிருந்து 9க்கும் இறங்கின.

"பேசியவர்கள்" பட்டியலோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே பெயர், இங்கே அணி. அங்கே லீடர் எழுதுவான், இங்கே ஆசிரியை. ஐந்து என்கிற எல்லை எல்லாருக்கும் முன்பே தெரியும். எல்லாரும் ஜெயிக்கலாம், யாரும் தோற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது, பக்கத்து பெஞ்சின் சிரிப்பு நின்றுபோனது. எழுந்து ஆடினால் சிரித்தவர்கள் இப்போது "டேய், உக்காருடா" என்று கிசுகிசுக்கிறார்கள். நான் சொல்லி நடக்காதது அவர்கள் சொல்லி நடந்தது.

நான் காவிரி, வைகை, தாமிரபரணி, பாலாறு என்று நாலு அணி பிரித்தேன், அணிக்கு ஒன்பது பேர், சேட்டைக்காரர்கள் ஒரே அணியில் குவியாமல். முதலில் கணக்குப் பாடத்தில் பதினைந்து நிமிடம் மட்டும். கோடு போடும்போது ஒரு வார்த்தையும் திட்டு கிடையாது, "பாலாறு, ஒன்று, இடம் விட்டு எழுந்தது" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட வேண்டும். பரிசு? மதிய மணியை அடிப்பது. எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. ஜெயித்த அணியிலிருந்து ஒருவர் போய் அடிக்கலாம். அந்த இரும்புத் துண்டுக்காக என் பிள்ளைகள் பதினைந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

விளையாட்டுக்கும் இடைஞ்சல் உண்டு. இரண்டாம் வாரம் ஒரு பையன் வேண்டுமென்றே எழுந்து எழுந்து அணிக்குக் கோடு வாங்கித் தந்தான். இடைவேளையில் அணிப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள், அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. சக பிள்ளைகளின் அழுத்தம் உதவியும் செய்யும், ஒருவனை நசுக்கவும் செய்யும். 1969 ஆய்விலும் இப்படி இருவர் முரண்டு பிடித்தார்கள், அவர்களை அணியிலிருந்து பிரித்துத் தனி அணி ஆக்கிவிட்டார்கள். நானும் அப்படியே செய்தேன், அவனுக்கு மட்டும் ஒரு அணி, பெயரை அவனே வைத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவே வரவில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதியதும் எழுந்து திரிவான், அது கணக்கிலிருந்து தப்பிக்க அவன் கண்டுபிடித்த வழி. அவனை எந்த விளையாட்டாலும் உட்கார வைக்க முடியாது. குச்சிக்கட்டு வைத்து ஒரு வாரம் கழித்தல் சொல்லிக் கொடுத்தால் உட்காருவான், உட்கார்ந்தான்.

இந்த இடத்தில் வினெட், விங்க்லர் இருவரும் 1972ல் எழுதிய ஒரு விமர்சனம் எனக்கு ரொம்ப முக்கியம். வகுப்பறை நடத்தை ஆய்வுகள் பிள்ளைகளை அசையாமல், சத்தமில்லாமல், பணிவாக இருக்கப் பழக்குகின்றனவே தவிர, படிப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று கேட்டார்கள். அது என்னைக் குத்தியது. நான் முதலில் எண்ணியது "எழுந்து நிற்கிறவர்கள்". கை கட்டி வாய் பொத்தி உட்கார்ந்திருக்கிற 36 பேர் ஒரு கணக்கும் போடாவிட்டாலும் என் நோட்டில் அது நல்ல நாள். அதற்கப்புறம் அளவை மாற்றினேன். பெரிய முள் எண்ணைத் தொடும்போது, வேலையில் இருக்கிற தலைகளை எண்ணுகிறேன். பக்கத்துப் பிள்ளையிடம் கணக்கைப் பற்றிப் பேசினால் அதுவும் வேலைதான். குழுவாகப் பேசிச் செய்ய வேண்டிய பாடத்தில் விளையாட்டை வைப்பதே இல்லை. எதை அளக்கிறோமோ அதுதான் வளரும், அதனால் எந்த வழி என்பதைவிட எதை எண்ணுவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

இந்த விளையாட்டின் நீண்ட காலப் பலனையும் பார்த்திருக்கிறார்கள். 1985ல் பால்டிமோர் நகரத்து அரசுப் பள்ளிகளில் ஷெப்பர்ட் கெல்லம் குழுவினர் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு தொடங்கி, அவர்கள் இருபது வயதைத் தொடும் வரை பின்தொடர்ந்தார்கள். சிறு வயதில் ரொம்ப முரட்டுத்தனமாக இருந்த ஆண் பிள்ளைகளில், விளையாட்டு நடந்த வகுப்புகளில் இருந்தவர்களுக்குப் பின்னாளில் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. மற்ற வழிகளுக்கு இவ்வளவு நீண்ட ஆய்வை நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது வழி பெரிய பிள்ளைகளுக்கு. 1971ல் புரோடன், ஹால், மிட்ஸ் எழுதிய ஆய்வில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வரலாறு பாடத்தில் தான் படிக்கிறோமா இல்லையா என்று ஒரு தாளில் தானே குறித்துக்கொண்டாள். 30 சதவீதமாக இருந்த அவள் கவனம் 78க்குப் போனது. அதே ஆய்வில் இன்னொரு மாணவனுக்கு, கொஞ்ச நாளில் பலன் தேய்ந்துபோனது. படிக்க வேண்டும் என்று தானே விரும்புகிற பிள்ளைக்கு இது நல்ல வழி. நாலாம் வகுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை செய்தது வழியா, அல்லது வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்? பரீட்சை நெருங்கியதால்கூட அமைதி வந்திருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வழியைத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கிப் பார்ப்பார்கள். நிறுத்தினால் கெட்டு, தொடங்கினால் சரியானால் அந்த வழிதான் காரணம். அருமையான சோதனைதான், ஆனால் கஷ்டப்பட்டு அடங்கிய வகுப்பை வேண்டுமென்றே குலைக்க எந்த டீச்சருக்கும் மனம் வராது, ஹெச்.எம்.மும் விட மாட்டார். அதற்குப் பதில் படிப்படியாகத் தொடங்குங்கள். கணக்கு, தமிழ், அறிவியல் மூன்று பீரியடிலும் எண்ணிக்கொண்டே இருங்கள், விளையாட்டைக் கணக்கில் மட்டும் தொடங்குங்கள். கணக்கில் மட்டும் எண் மாறி மற்ற இரண்டும் அப்படியே நின்றால் விளையாட்டுதான் காரணம். மூன்றும் சேர்ந்து மாறினால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. கான்சாஸ் வகுப்பில் இரண்டையுமே செய்தார்கள்: கணக்கில் தொடங்கி வாசிப்புக்குக் கொண்டுபோனார்கள், கணக்கில் நிறுத்தியும் பார்த்தார்கள், நிறுத்தியதும் சத்தம் திரும்பி வந்தது.

யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். வகுப்பு ஓரளவு சரியாக இருந்து உங்கள் தொண்டைதான் பிரச்சினை என்றால் பாராட்டு மட்டும் போதும், கொட்டையை எண்ணுங்கள். முப்பது பேருக்கு மேல், கை மீறிவிட்டது என்றால் பாராட்டோடு விளையாட்டு. ஒரே ஒரு பிள்ளை என்றால் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எதிலிருந்து தப்பிக்கிறான் அல்லது எதைத் தேடுகிறான் என்று பாருங்கள், டோக்கன் அதற்குப் பிறகுதான். வகுப்பு பழகிவிட்டால் விளையாட்டைத் தினமும் வைக்க வேண்டாம், வாரத்தில் எந்த நாள் என்று சொல்லாமல் இரண்டு நாளாகக் குறையுங்கள்.

நான் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம் தலை எண்ணிக்கை சரிந்தது, 36க்கு 20, 22 என்று. தினமும் விளையாட்டை வைத்து அடுத்த வாரமே முப்பதைத் தொட்டோம். இந்த வாரம் செவ்வாயும் வியாழனும் மட்டும், தமிழ்ப் பாடத்திலும் தொடங்கியாயிற்று. மணி அடிக்கும் முறை இன்றைக்குத் தாமிரபரணிக்கு.